வருகைக்குக் காத்திருக்கிறவர்கள் கேட்ட கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலம் என்பதால் எங்கள் வேலூர் சபை வேதபாடத்தில், அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு எழுதின முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, எடுத்துக்கொண்டோம். 3-ம் அதிகாரம் முடிந்ததும் பலர் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐயா, இந்த வருஷமே இயேசுவின் இரண்டாம் வருகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நம்பலாமா?

வேண்டாம் தம்பி. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவரைத் தவிர வானத்துத் தூதருக்கும் தெரியாது என்று மத்தேயு 24-ல் இயேசுவே சொல்லிவிட்டார். தூதருக்குத் தெரியாதது யூடியூப் சேனலுக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

காந்தி ரோடு, விடுதி நடத்துபவர்: ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம், காலை ஜெபம் எதையும் விட்டதில்லை. ஆனாலும் பரிசுத்தத்தில் வளர்கிறேன் என்ற நிச்சயம் இல்லை. என்ன குறை?

உங்கள் உபவாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 3-ம் அதிகாரத்தில் 12, 13 இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முதலில் அன்பு பெருக வேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். அது பெருகும்போதுதான், இயேசு வரும் நாளில் இருதயம் பரிசுத்தத்தில் பிழையில்லாமல் நிற்கும் என்கிறார். நாம் வரிசையை மாற்றி வைத்திருக்கிறோம். பரிசுத்தம் என்றால் ஒதுங்கி இருப்பது. அன்பு, அப்புறம் நேரம் கிடைத்தால்.

அதுவும் யாரிடம் அன்பு? சபைக்குள் ஒருவருக்கொருவர் என்று அவர் நிறுத்தவில்லை, மற்ற எல்லா மனுஷரிடத்திலும் என்கிறார். உங்களுக்கு அந்த மற்ற மனுஷர் மாடியிலேயே இருக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள்.

சில கேள்விகள் கேட்கிறேன், பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால் வாடகை ஏறுகிறதா? ஸ்டவ்வுக்கும் வெந்நீர் பக்கெட்டுக்கும் எவ்வளவு வாங்குகிறீர்கள்? நோயாளி இறந்து, குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக உடலை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கிறதா?

மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு இந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியதால்தான் இந்தத் தெருவில் வாடகை என்று ஒன்று வருகிறது. 1955-லிருந்து வேலூர் பக்கத்துக் கரிகிரி ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஊரே ஒதுக்கிய கைகளை எடுத்துக் கட்டுப்போட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம்மைப் போல வருகைக்குக் காத்திருந்தவர்கள்தான்.

உபவாசத்தை விடாதீர்கள். அன்றைக்கு மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவு மாடிக்குப் போகட்டும். ஏசாயா 58-ல் கர்த்தர் கேட்கிற உபவாசமும் பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதுதான்.

சத்துவாச்சாரி, குடும்பத் தலைவி: வீட்டுப் பாகத்தில் ஓரகத்தியோடு தகராறு, வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. ஒரே சபை. திருவிருந்துக்கு அவள் பக்கத்தில் முழங்கால் போட நேர்ந்தால் நான் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறேன். பாகத்தை விட்டுக்கொடுத்தால்தான் அன்பா?

இல்லை அம்மா. நியாயமான பங்கைக் கேட்பது பாவமில்லை. பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், முடியாவிட்டால் வக்கீலை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். பேச்சை நிறுத்தியதுதான் சிக்கல். உன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. தப்பு யார்மேல் என்று அங்கே விசாரணையே இல்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. பலகாரத் தட்டைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். அவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். பாகத்தைப் பற்றி அன்று மட்டும் வாய் திறக்காதீர்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: வருகை சமீபம் என்றால் வேலையை விட்டுவிட்டு ஜெபத்திலேயே இருந்துவிடலாமா?

தெசலோனிக்கேயிலும் வேலை செய்யாமல் சுற்றியவர்கள் இருந்தார்கள். சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்று 4:11-ல் பவுல் எழுதினார். அப்படியும் கேட்காததால், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று இரண்டாம் நிருபத்தில் கறாராகவே சொன்னார். உண்மையிலேயே ஊழிய அழைப்பு என்றால் ஆயரிடம் பேசுங்கள். சூப்பர்வைசர் மேல் உள்ள கோபம்தான் காரணம் என்றால் அதற்கு வேறு ஜெபம் இருக்கிறது. பி.எஃப். பணத்தில் கை வைக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆசிரியை: வருகையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட அம்மா போன மாதம் இறந்துவிட்டார்கள். அதை இழந்துவிட்டார்களா?

இல்லை தங்கச்சி. இதே கலக்கம் தெசலோனிக்கேயருக்கும் வந்துதான் 4-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி எழுதப்பட்டது. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். உங்கள் அம்மா நம்மை முந்திக்கொள்வார்கள்.

அழக் கூடாது என்றும் பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவே கண்ணீர் விட்டார். துக்கம் விசாரிக்க வந்து, விசுவாசி அழலாமா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.