அனுபவம் என்று அவர்கள் கேட்பது எதை?

அன்புள்ள அம்மா,

செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, பதிவும் பெற்று ஏழு மாதங்கள் ஆகின்றன. விண்ணப்பித்த மருத்துவமனைகள் எல்லாம் குறைந்தது ஓராண்டு அனுபவம் கேட்கின்றன. யாரும் வேலை தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? பணம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் மட்டும் வேலை தயாராக இருக்கிறது. அங்கே சேர்ந்தால் பிறகு எந்த மருத்துவமனையும் எடுக்காது என்று உடன் படித்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் பல ஆண்டுகள் வார்டில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் பதிவுக்கே ஆபத்து. பிடிபடாவிட்டாலோ, ஓராண்டு வேலை பார்த்தவர் என்று நம்பி முதல் வாரமே உங்களை வார்டு நிறைய நோயாளிகளோடு நைட் டியூட்டியில் தனியே விட்டுவிடுவார்கள். அப்போது ஒரு மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால்கூட, 'இது எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்' என்று வாய்திறந்து கேட்க உங்களால் முடியாது. அந்தக் கஷ்டம் நோயாளியின் தலையில்தான் விடியும்.

நேர்காணல்களில் கேள்வி கேட்கும் இடத்தில் நான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். விளம்பரத்தில் ஓராண்டு அனுபவம் என்று போடும்போது எங்களுக்கு இருந்த கவலை இதுதான்: இவரை இரவில் வார்டில் விட்டால், ஒரு நோயாளியின் நிலை மோசமாவதை இவர் கவனிப்பாரா, கவனித்ததும் உடனே யாரையாவது கூப்பிடுவாரா? புதியவரை எடுத்தால் சில மாதங்களுக்கு அவர் பக்கத்தில் மூத்த சிஸ்டர் ஒருவரை நிறுத்த வேண்டும். ஆள் போதாத வார்டில் அது பெரிய சுமை என்பதால், அந்தச் சுமையைத் தவிர்க்கவே பல இடங்களில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே அந்த வரியைக் கண்டதும் பின்வாங்காமல், அதற்குப் பின்னால் உள்ள கவலைக்குப் பதில் சொல்லும்படி விண்ணப்பியுங்கள்.

எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுவேன், சேவை மனப்பான்மை உண்டு என்று எல்லோருமே எழுதியிருப்பார்கள். அனுபவமே இல்லாத ஒரு பெண் மட்டும், இறுதியாண்டில் எந்தெந்த வார்டில் எத்தனை வாரம் போஸ்டிங் இருந்தார் என்பதையும், பெயரோ அடையாளமோ இல்லாமல் ஒரு நோயாளியைப் பற்றிய சிறு குறிப்பையும் எழுதியிருந்தார். நேர்காணலில் அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்டோம். வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் இரவு. நாடித்துடிப்பு 88-இலிருந்து 104 ஆகி, பிறகு 118 ஆகியிருக்கிறது. இரத்த அழுத்தம் மட்டும் 110-லேயே நின்றிருக்கிறது. அழுத்தம் இறங்கவில்லையே என்று சும்மா இராமல், கையைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று வியர்த்திருப்பதைக் கண்டு, டியூட்டி சிஸ்டரை அழைத்து வந்திருக்கிறார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட வேளைகளில் முதலில் ஏறுவது நாடிதான், அழுத்தம் பிறகுதான் சரியும் என்பது பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தது. அதைப் படுக்கை அருகில் கண்டுபிடித்த மாணவியை எடுத்துக்கொள்ள எங்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

உங்கள் பயிற்சிக் காலப் பதிவேட்டை எடுத்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படியுங்கள். இது போன்ற இரண்டு மூன்று நோயாளிகள் அதில் நிச்சயம் இருப்பார்கள். எதைப் பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் தவறவிட்டு, மூத்தவர் திருத்திய ஒன்றும் அதில் இருந்தால் நான் இன்னும் மதிப்பேன். அமெரிக்கச் செவிலியர் கல்வியாளரான பட்ரீசியா பென்னர் 1984-இல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் புதிதாகப் பட்டம் பெற்றவர் நிற்பது இரண்டாம் படியில். திறமையானவர் என்னும் மூன்றாம் படிக்கு வர, ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்கிறார் அவர். படிப்புக் காலத்தில் நீங்கள் வார்டில் நின்ற நேரமெல்லாம் முதல் படியைக் கடந்த நேரம். அதை ஒன்றுமில்லை என்று நீங்களே தள்ளிவிடக் கூடாது.

நேர்காணலுக்கு இரண்டு விஷயங்களை மட்டும் வாய்விட்டுப் பழகுங்கள். முதலாவது, நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது: இப்போதைய நிலைமை, நோயாளியின் பின்னணி, உங்கள் மதிப்பீடு, நீங்கள் கேட்பது என்ன என்ற வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. பதற்றத்திலும் பேச்சு சிதறாமல் காக்கும். இரண்டாவது, டிரிப் கணக்கு. 1000 மில்லிலிட்டர், எட்டு மணி நேரம், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு என்பது கால்குலேட்டர் இல்லாமல் வர வேண்டும். எனக்குத் தெரிந்து, இந்தக் கணக்கில் தடுமாறியே வேலையை இழந்தவர்கள் உண்டு.

விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, கடைசியாகப் போஸ்டிங் இருந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் கை வேலையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். காலியிடம் வருவதும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

முதியோர் இல்லத்தைப் பற்றி உடன் படித்தவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஐந்தாறு நோய்கள், பத்து மாத்திரைகள், புண்பட்ட முதுகு, திடீரென்று வரும் மனக்குழப்பம் என்று எல்லாமே ஒரே உடலில் இருக்கும் இடம் அது. மருத்துவர் பக்கத்தில் இல்லாததால் உங்கள் கண்ணும் கையும்தான் அங்கே முதல் பரிசோதனை. சில மருத்துவமனைகள் அதை அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே பார்த்ததை மேலே சொன்னபடி எழுதி வைத்தால், கேட்பவரிடம் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும். கையெழுத்துப் போடும் முன், இரவில் உங்களோடு மூத்த செவிலியர் யாராவது டியூட்டியில் இருப்பாரா, முதல் மூன்று மாதங்கள் யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவரின் பெயரைச் சொன்னால் சேருங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்து வேறிடம் பாருங்கள்.