பட்டுப்போச்சுன்னு பிடுங்கிறாதீங்க! – ஆச்சி தோட்டம், கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதாசு, வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தா அதிகம் பேரு கேட்டுருக்கது ஒரே விசயந்தான், ஒரு தடவ வச்சா திரும்பத் திரும்ப வரணும், அதிகம் பாடுபடுத்தக் கூடாது, காயோ பழமோ கீரையோ வீட்டுக்கு ஆகணும். நம்ம செட்டிநாட்டுச் சீமைக்கு இதவிட நல்ல கேள்வி கெடையாது. அதனால இந்தத் தடவ மத்ததெல்லாம் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

ஆச்சி, நாங்க சென்னைல இருக்கோம். தேவகோட்டை வீடு வருசத்துல முக்காவாசி நாள் பூட்டித்தான் கெடக்கும். பொங்கலுக்கு, சிவராத்திரிக்கு, இல்ல ஏதாச்சும் விசேசம்னா வருவோம். பின்னாடி தோட்டம் சும்மா கெடக்குதேன்னு வர்றப்பல்லாம் எதாச்சும் வச்சுட்டுப் போறோம், அடுத்த தடவ வந்து பாத்தா சருகாக் கெடக்கு. என்ன வச்சா நிக்கும்? – ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி, என்ன வைக்கிறதுங்கிறத அப்புறம் பாப்போம், எப்ப வைக்கிறீங்கன்னு முதல்ல பாருங்க. பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் வந்து வைக்கிறீங்க, அதுதான் நம்ம ஊருல செடி வைக்கிறதுக்கு ரொம்ப மோசமான நேரம். நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான், தை பொறந்தா மண்ணு காய ஆரம்பிச்சுரும், மாசி பங்குனில வச்ச கன்னு வேர் விடுறதுக்கு முன்னாடியே சித்திர வெயில் வந்து நிக்கும். எந்தச் செடியா இருந்தா என்ன, அது எப்படித் தாங்கும்? ஆவணி புரட்டாசில ஒரு நடை வாங்க, ரெண்டு நாள் லீவு போட்டாவது வாங்க. அப்ப வச்சீங்கன்னா மழை மொத்தமும் அந்தக் கன்னுக்குத்தான், தை வரைக்கும் வேர் கீழ எறங்கிக்கிட்டே இருக்கும்.

ரெண்டாவது குழி. நம்ம பக்கம் மேல செம்மண்ணா இருக்கும், தோண்டினா செம்புராங்கல்லு தட்டும். ஒரு சாண் தோண்டி கன்ன வச்சா வேர் அந்தக் கல்லு மேலயே சுத்திக்கிட்டுக் கெடந்து சூட்டுல வெந்துரும். ஆள் விட்டு கடப்பாறையால மூணடி ஆழம் மூணடி அகலம் ஒடைச்சுருங்க, மேல் மண்ணு, மக்குன சாணி, சருகு இதெல்லாம் போட்டு ரொப்புங்க. ஓட்டுத் தண்ணி வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, விழுந்து வெளிய போற வாய்க்கால் எங்க வந்து முடியுதுன்னு பாத்து, முடிஞ்சா அந்த வாய தோட்டப் பக்கம் திருப்பி விடுங்க. அம்புட்டு பெரிய வீட்டு ஓட்டு மேல விழற மழை தெருவுக்குப் போறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

இப்ப செடிக்கு வருவோம். தக்காளி, வெண்டை, கொத்தவரை இதெல்லாம் ஒரு பருவத்துக்கு வந்து காச்சு முடிச்சுப் போறது, ஆள் இல்லாத வீட்டுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது, மழையில கெடச்சத தண்டுலயோ கிழங்குலயோ வேர்லயோ சேத்து வச்சுக்கிட்டு, வெயில் காலத்துல இலைய உதுத்துட்டு சும்மா இருந்து, திரும்ப ஈரம் பட்டதும் எந்திரிக்கிற சாதி. இரண்டாங்கட்டு அறையில வருசத்துக்கு வேண்டிய புளி, அரிசி, வத்தலெல்லாம் போட்டு வச்சுருப்பாகள்ல, அது மாதிரி.

சீதாப்பழம் முதல்ல வைங்க. வெயில் காலத்துல இலையெல்லாம் உதுந்து குச்சியா நிக்கும், போச்சுன்னு நெனைச்சுருவீங்க, போகாது, மழை விழுந்ததும் புதுத் தளிர்லதான் பூவே எடுக்கும், ஆவணிலேருந்து கார்த்திகை வரைக்கும் பழம். இதுல இன்னொரு பெரிய நன்மை, இலைய ஆடு தொடாது. பூட்டுன வீட்டுத் தோட்டத்துக்கு வெயில விட ஆடுதான் பெரிய எதிரி. (சீதா விதைய பேனுக்கு அரைச்சுத் தலையில தேய்க்கிற பழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு, அது கண்ணுல பட்டா கருவிழியவே புண்ணாக்கிரும், புள்ளைகளுக்கு செய்யவே செய்யாதீங்க.)

வேலியோரம் களாக்கா. முள்ளு இருக்கு, பால் இருக்கு, வறட்சிய நல்லாத் தாங்கும், ஊறுகாய்க்கு அதவிட்டா வேற கெடையாது. சுண்டைக்கா ரெண்டு செடி போதும், ரெண்டு குடும்பத்துக்கு வத்தல் போடலாம், அரிசி கழுவுன தண்ணியில வைக்கிற மண்டிக்கும் ஆச்சு. பெருசாப் போனா இடுப்பளவு வெட்டி விடுங்க, பக்கத்துலேருந்து கிளம்பி வரும். ஆனா பழுத்த காய்ய பறவை தின்னு எங்கயாச்சும் போட்டு தோட்டமெல்லாம் சுண்டையாயிரும், தேவையில்லாத கன்ன சின்னதுலயே பிடுங்கிருங்க. பிரண்டைக்கு நான் சொல்லவே வேண்டாம், ரெண்டு கணு ஒடிச்சு ஒரு சுவத்தோரம் போட்டா போதும்.

முருங்கைக்கு விதை வேணாம், போத்து வைங்க. நல்லாக் காக்கிற பழைய மரத்துலேருந்து மணிக்கட்டு தடிமன்ல நாலடி நீளத்துக்கு வெட்டி, ரெண்டு நாள் நிழல்ல போட்டு வெட்டு வாய் காஞ்சதுக்கப்புறம் ஊனுங்க. தண்ணி தேங்குனா அழுகிரும், மேட்டுல வைங்க.

ஒண்ணே ஒண்ணு, முதல் வருச வெயிலுக்கு மட்டும் எந்தச் செடிக்கும் தண்ணி வேணும், இதுல ஏமாத்த முடியாது. சுடாத மண்ணுப் பானை வேணாம், கரைஞ்சுரும், சுட்ட சாதாரண மண்பானை, உள்ள வெளிய எதுவும் பூசாதது, கன்னுக்கு ஒரு முழம் தள்ளி கழுத்து வரைக்கும் புதைச்சு தண்ணி ரொப்பி மூடி போட்டுட்டா மெதுவாக் கசிஞ்சு வேருக்கே போகும். வீடு கூட்ட வர்ற ஆள் வாரம் ஒரு தடவ ரொப்பினாலே போதும், அதுக்குத் தனியா ஒரு தொகை குடுத்துருங்க, மனசோட செய்வாக. உதுந்த சருகக் கூட்டி எரிக்கச் சொல்லாதீங்க, தூர்லயே போடச் சொல்லுங்க.

கோவக்கா கொடி பந்தல் முழுக்கப் படந்துருக்கு, வெள்ளப் பூவா பூக்குது, ஒரு காய் கூட நிக்கல. உரம் போட்டும் பாத்தாச்சு. – ஒரு வாசகி, கோட்டையூர்

உரத்த நிப்பாட்டுங்க ஆத்தா. கோவையில ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. உங்களது ஆண் கொடியா இருந்தா நூறு வருசம் வச்சாலும் காக்காது. பூவுக்குப் பின்னாடி பாருங்க, குட்டியா கோவக்கா மாதிரியே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா பெண், வெறும் காம்பா இருந்தா ஆண். விதையில வந்த கொடின்னா இந்தச் சிக்கல் அடிக்கடி வரும், அதனாலதான் எப்பவும் காக்கிற கொடியிலேருந்து தண்டு வெட்டி வைக்கணும்கிறது. நாலு கணு இருக்க மாதிரி, பென்சிலத் தாண்டுன தடிமன்ல எடுத்து ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக ஊனுங்க. தோட்டமாப் போடுறவுக பத்து பெண்ணுக்கு ஒரு ஆண் விடுவாக, வீட்டுக்கு உங்க ஆண் கொடிய ஒரு ஓரமா வெட்டி அடக்கி வச்சுக்கிட்டா அதுவே போதும்.

வேலியில கெடக்கிற கோவைய எடுத்து வைக்கலாமான்னு கண்டனூர்லேருந்தும் ஒருத்தவுக கேட்டுருக்காக. காய்ய நாக்குல தொட்டுப் பாத்துட்டு எடுங்க, அதிகம் கசந்தா வேணாம். பூசணி சாதியில அதிகக் கசப்பு நல்லதில்ல, சமைச்சாலும் போகாது.

காச்சு ஓஞ்சதும் கொடிய தூர்லேருந்து ரெண்டு அடி விட்டு வெட்டிருங்க, மனசு தயங்காதீங்க. கீழ கிழங்கா வேர் இருக்கு, அது இருக்க வரைக்கும் கொடிக்குச் சாவு கெடையாது.

எங்க வீட்டு ஒட்டு இலந்தை ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காஞ்சு போச்சு. அப்பறம் அடியிலேருந்து தளிர்த்து இப்ப மரமாயிருச்சு, ஆனா பழம் முன்ன மாதிரி பெருசா இல்ல, சின்னச் சின்னதா புளிக்குது. மண்ணுல சத்து போயிருச்சா? – ஒரு வாசகர், பள்ளத்தூர்

மண்ணுல ஒண்ணும் கொறையில்ல. உம்ரான், கோலா, பனாரசின்னு எந்த ஒட்டு ரகமா இருந்தாலும் நாட்டு இலந்தை வேர் மேல கண்ணு கட்டித்தான், அதாவது நல்ல ரகத்து மொட்ட எடுத்து ஒட்டித்தான், குடுப்பாக. வறட்சியில காஞ்சது மேல இருந்த ஒட்டு, பொழைச்சு வந்தது கீழ இருக்க நாட்டு மரம். தூர்ல ஒரு வீக்கம் மாதிரி ஒட்டுக் கட்டுன எடம் தெரியும், அதுக்குக் கீழேருந்து தளிர் வந்துருந்தா சந்தேகமே வேணாம். மா, சப்போட்டா, கொய்யா எந்த ஒட்டுச் செடிக்கும் இதேதான், சப்போட்டாவுக்கு அடியில இருக்கது பாலை மரமா இருக்கும். அதனாலதான் ஒட்டுச் செடிய வாங்கிட்டு வந்த நாள்லேருந்து ஒட்டுக்குக் கீழ வர்ற தளிர நகத்தாலயே கிள்ளி எறிங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்றது.

இப்ப மரத்த வெட்டிறாதீங்க! அவ்வளவு ஆழம் எறங்குன வேர் புதுசா வச்சா எத்தன வருசம் ஆகும்? மாசி பங்குனில கவாத்து பண்ணிட்டு, வர்ற தளிர்ல நல்லா நேராப் போற ஒண்ணு ரெண்ட மட்டும் விட்டு மத்தத எடுத்துருங்க, அதுல நல்ல ரகத்துக் கண்ணு எடுத்துக் கட்டச் சொல்லுங்க. கண்ணு கட்டத் தெரிஞ்ச ஆள் கெடைக்கலைன்னா குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல போய்க் கேளுங்க, பக்கந்தானே. பாதிக் கிளைய நாட்டு இலந்தையாவே விட்டாலும் நல்லதுதான், இலந்த வடைக்கு அந்தப் புளிப்புதான் வேணும். இலந்தைக்கு வெட்டு ரொம்ப முக்கியம், புதுக் கிளையிலதான் காப்பு, வெட்டாம விட்டா முள்ளுதான் மிஞ்சும்.

கத்தரிச் செடி காச்சு முடிஞ்சதும் பிடுங்கிட்டு புதுசா வைக்கணுமா? – ஒரு வாசகி, ஆத்தங்குடி

நோய் இல்லாத செடின்னா வேணாம். தரையிலேருந்து ஒரு சாண் விட்டு, ரெண்டு மூணு கணு இருக்க மாதிரி சாய்வா வெட்டுங்க, தூரக் கொத்தி விட்டு சாணி போட்டு தண்ணி விடுங்க, புதுக் கிளை வந்து இன்னொரு சுத்து நல்லாக் காக்கும். இலையெல்லாம் சின்னச் சின்னதா கொத்தாப் போயி பூவே இல்லாம நின்னா அது சிற்றிலை நோய், வெட்டுனாலும் திருந்தாது, தத்துப்பூச்சி பக்கத்துச் செடிக்கும் கொண்டு போயிரும், வேரோட எடுத்து எரிச்சுருங்க. மண்ணுல ஈரம் இருந்தும் பகல்ல வாடி நிக்கிற செடியும் அப்படித்தான்.

வாடல் தொந்தரவு வருசா வருசம் வர்ற தோட்டம்னா சுண்டை வேர் மேல ஒட்டுக் கட்டுன கத்தரி கெடைக்குதான்னு பாருங்க. சுண்டை வேருக்கு அந்த வாடலும், வேரத் தாக்குற நூற்புழுவும் அவ்வளவு லேசா ஏறாது, செடியும் ரொம்ப நாள் நிக்கும். கீழ சுண்டை தளிர்த்தா கிள்ளணும்கிறத மட்டும் மறந்துறாதீங்க, இலந்தைக்குச் சொன்னதேதான்.

பி.கே.எம். 1 முருங்கை வச்சு நாலாவது வருசம், காப்பு ரொம்பக் கொறைஞ்சிருச்சு. – ஒரு வாசகர், நெற்குப்பை

அது செடி முருங்கைங்க, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிலேருந்து 1989ல வந்த ரகம், விதை போட்டு ஆறு மாசத்துல காய் எடுக்கிறதுக்குன்னே உள்ளது. ஒவ்வொரு காப்பு முடிஞ்சதும் மூணடி உயரத்துல வெட்டி விட்டு ரெண்டு மூணு வருசம் எடுக்கலாம், அதுக்கு மேல அதப் போட்டு வருத்தக் கூடாது. வருசக்கணக்கா நிக்கணும்னா மேல தேவகோட்டை தம்பிக்குச் சொன்ன மாதிரி போத்து முருங்கைக்குப் போங்க.

சேனைக்கிழங்கு வச்சேன், குடை மாதிரி அழகா வந்துச்சு, தை மாசம் திடீர்னு மஞ்சளாயி சாஞ்சிருச்சு. – ஒரு வாசகி, நாச்சியாபுரம்

அது முத்திருச்சுன்னு சொல்லுதும்மா, தோண்டுங்க. சித்திரை வைகாசில வச்சது எட்டு ஒம்பது மாசத்துல இப்படித்தான் தலைய விடும். தண்டு நின்ன எடத்துல முளை இருக்கும், அந்த முளை ஒவ்வொரு துண்டுலயும் கொஞ்சம் வர்ற மாதிரி வெட்டி சாணிப்பால்ல முக்கி நிழல்ல காய வச்சு திரும்ப சித்திரையில வைங்க. தோண்ட மறந்து மண்ணுலயே கெடந்தாலும் பரவால்ல, கோடை மழைக்கு அதுவாவே எந்திரிச்சு வரும்.

தவசிக்கீரை வேலியா வச்சுருக்கேன், வெட்ட வெட்ட வருது. பச்சையா ஜூஸ் அடிச்சுக் குடிச்சா ஒடம்பு எளைக்கும்னு சொல்றாகளே? – ஒரு வாசகி, காரைக்குடி

குடிக்கவே குடிக்காதீங்க. 1990கள் நடுவுல தைவான்ல எளைக்கிறதுக்குன்னு இதே கீரைய பச்சையா சாறெடுத்து தெனமும் குடிச்சவுகளுக்கு மூச்சுக்குழல் சுருங்கி நுரையீரல் திரும்பச் சரியாக முடியாத அளவுக்குக் கெட்டுப் போச்சு, மருத்துவ உலகத்துல பதிவான விசயம் இது. நம்ம எப்பவும் செய்யிற மாதிரி வேக வச்சு, வாரத்துல ஒரு நாள் பொரியலோ கூட்டோ வைங்க, அதுல சத்து நெறைய இருக்கு. இப்ப நர்சரியில மெக்சிகோ கீரைன்னு சாயாங்கிற ஒரு கீரைச் செடி குடுக்குறாக, அதுவும் குச்சிய ஊனுனா வந்துரும், வறட்சியும் தாங்கும், ஆனா அதப் பச்சையாத் தின்னா விசம், தண்ணியில இருவது நிமிசமாவது கொதிக்க வச்சு அந்தத் தண்ணியக் கொட்டிருங்க. வெட்ட வெட்ட வருதுங்கிறதுக்காக தெனமும் ஒரே கீரையத் திங்க வேண்டியதில்ல, வேலியில நாலு எடத்துல நாலு கீரை வைங்க, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, தூதுவளைன்னு மாத்தி மாத்திப் பறிங்க.

பிரண்டை தொட்டா கை அரிக்குது, என்ன செய்ய? – ஒரு வாசகி, ராயவரம்

கையில நல்லெண்ணெய் தடவிட்டு ஆயுங்க. நாரும் கணுவும் எடுத்துட்டு நெய்யிலயோ எண்ணெயிலயோ நல்லா செவக்க வதக்கி புளி சேத்து அரைச்சா தொண்டை அரிக்காது. நுனியில உள்ள நாலு கணுதான் துவையலுக்கு, கீழ முத்துனத விட்டுருங்க, அடுத்த மழைக்கு அதுலேருந்துதான் கெளம்பும்.