ஆளில்லாத தீவு என்று யார் சொன்னது?

கேள்வி: சீனா தென்சீனக் கடலில் மணலைக் கொட்டி விமானத்தளம் கட்டிவிட்டது. நாம் உரிமை கோரும் திரோமெலின் தீவில் பிரான்ஸ் கொடி ஏற்றி உட்கார்ந்திருக்கிறது. நம் மொரீஷியஸ் மட்டும் காலங்காலமாக நீதிமன்றத்தில் தாளை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத தீவுதானே? நம் அகலேகா தீவில் போட்ட மாதிரி சாகோஸ் தீவுக்கூட்டத்திலும் ஒரு ஓடுதளம், ஒரு படகுத்துறை, ஒரு கொடிக்கம்பம் என்று கட்டி நம் இருப்பைக் காட்டினால் என்ன?

– ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: ஓடுதளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘ஆளில்லாத’ என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அதைச் சொல்லித்தான் சாகோஸை நம்மிடமிருந்து பிடுங்கினார்கள்.

1965 நவம்பர் 8 அன்று, நமக்குச் சுதந்திரம் தருவதற்கு இரண்டு வருடம் நான்கு மாதம் முன்பு, பிரிட்டன் சாகோஸைத் தனியாக வெட்டி எடுத்து அதற்கு ஒரு புதுப் பெயரும் வைத்தது. அமெரிக்காவுக்குத் தளம் வேண்டும். தளத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்கக்கூடாது. ஆனால் ஆள் இருந்தார்கள். ஐந்து தலைமுறையாக இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள். கொப்பரை உரித்தார்கள், மீன் பிடித்தார்கள், கோயில் கட்டிக் கும்பிட்டார்கள், செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். 1966-இல் லண்டன் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பிற்பாடு வழக்குகளில் வெளியே வந்தன. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி என்று யாரும் இருக்கமாட்டார்கள் என்று ஒருவர் எழுதுகிறார். பறவைகளோடு சில டார்ஜான்களும் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் குறிப்பு எழுதுகிறார். 1968 முதல் 1973 வரை அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றி இங்கேயும் சேஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். தளம் அமைந்த சாகோஸ் தீவான தியேகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, அடைத்து, புகை போட்டுக் கொன்றார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் அது ஆளில்லாத தீவு ஆனது.

நீங்கள் தாளைக் கேலி செய்கிறீர்கள். அந்தத் தாள் என்ன செய்தது என்று பாருங்கள். 2018 செப்டம்பரில் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தில் நம் தரப்பு ஒரு காணொளியைப் போட்டுக் காட்டியது. பேசியது லிஸ்பி எலிஸே, சாகோஸில் உள்ள பெரோஸ் பான்யோவில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் எழுத்து வாக்குமூலத்துக்குப் பதில் அவர் குரலையே நீதிபதிகள் கேட்டார்கள். கிரியோலில், நிதானமாக, தன் தீவில் எல்லோருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, எதற்கும் குறையில்லை என்று சொன்னார். கப்பலில் விலங்குகளைப் போல ஏற்றினார்கள் என்றார். அப்போது அவர் வயிற்றில் குழந்தை. இங்கே வந்த பிறகு பிறந்த அந்தக் குழந்தை இறந்துபோனது. 2019 பிப்ரவரி 25 அன்று நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அது வெறும் ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் மூன்று மாதத்தில் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் நம் பக்கம் கை தூக்கின, எதிர்த்தவை 6. எந்த ஓடுதளமும் நமக்கு இதைச் சம்பாதித்துக் கொடுத்திருக்காது.

கட்டினால் உரிமை வந்துவிடும் என்பது நம் ஊர் தேநீர்க்கடைகளில் எல்லோரும் சொல்கிற வாதம். நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. போர்னியோவுக்குப் பக்கத்தில் லிகிதான், சிபாடான் என்று இரண்டு சின்னஞ்சிறு தீவுகள். இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதிக்கொண்டன. 2002-இல் தீர்ப்பு மலேசியா பக்கம், 16-க்கு 1. எதை வைத்து? ஆமை முட்டையை வைத்து! அந்தத் தீவுகளில் யார் ஆமை முட்டை பொறுக்கலாம், எவ்வளவு பொறுக்கலாம் என்று வடபோர்னியோ அரசு 1917-லேயே சட்டம் போட்டு அனுமதி கொடுத்து வந்தது. முட்டைத் தகராறு வந்தால் தீர்த்து வைத்தது. 1933-இல் சிபாடானைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தது. பிறகு இரண்டு கலங்கரை விளக்கங்களையும் பராமரித்தது. இதெல்லாம்தான் ஒரு அரசு அங்கே அரசாக நடந்துகொண்டதற்கு அடையாளம் என்றது நீதிமன்றம். ஆமை முட்டைக்கு ரசீது எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு குமாஸ்தா, தனக்கே தெரியாமல், ஒரு நாட்டுக்கு இரண்டு தீவு வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் இதைச் சொல்லிவிடுகிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதே தீர்ப்பில் உங்களுக்கான பதிலும் இருக்கிறது. தகராறு முற்றிய பிறகு, வழக்குக்கு வலு சேர்ப்பதற்காக ஒரு நாடு புதிதாகச் செய்கிற காரியம் எதுவும் கணக்கில் வராது. முன்பிருந்தே செய்து வந்ததன் தொடர்ச்சியாக இருந்தால்தான் வரும். சிங்கப்பூரும் மலேசியாவும் சண்டை போட்ட பெட்ரா பிராங்கா பாறையில் 1851-லிருந்து கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் 2008-இல் நீதிபதிகள் முக்கியமாக எடுத்துக்கொண்டது, அந்தப் பாறைக்கு நாங்கள் உரிமை கோரவில்லை என்று ஜொகூர் அரசிலிருந்து 1953-இல் போன ஒரு கடிதத்தை. தாள்தான் ஐயா, தாள்.

சீனாவின் மணல் தீவுகளும் இதே கதைதான். ஃபயரி கிராஸ், சூபி, மிஸ்சீஃப் என்ற திட்டுகளில் பெரிய போர் விமானங்கள் இறங்கும் அளவுக்கு ஓடுதளம் போட்டார்கள். ஒரு இடம் தீவா பாறையா என்பதை மணல் கொட்டுவதற்கு முன் இயற்கையாக எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று 2016 ஜூலை 12 அன்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, கப்பல் நிறுத்தி மிரட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பலம் இருக்கிறது, செய்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் பேர் உள்ள நாம் எதை நிறுத்தி யாரை மிரட்டுவோம்? நமக்குச் சட்டம்தான் கப்பல்படை.

சரி, திரோமெலின். இந்தத் தீவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1954-லிருந்து பிரான்ஸ் நடத்தும் வானிலை நிலையத்தைச் சொல்வார்கள். புயல் நம் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க அது உதவுகிறது, அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். சுற்றியுள்ள 2,80,000 சதுர கிலோமீட்டர் கடலையும் சொல்வார்கள். 2010-இல் பிரான்ஸும் நாமும் சேர்ந்து நிர்வகிப்பது என்று கையெழுத்துப் போட்டதையும், 2017-இல் பாரிஸ் நாடாளுமன்றம் அதை எடுக்காமலே ஒதுக்கிவிட்டதையும் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு.

1761 ஜூலை கடைசியில், லூட்டீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டு நம் மொரீஷியஸை நோக்கி வந்தது. இரவில் திரோமெலின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. பிழைத்த மாலுமிகள் உடைந்த பலகைகளால் ஒரு படகு கட்டி இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்து கூட்டிப்போகிறோம் என்று அந்த மடகாஸ்கர் அடிமைகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வரவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் மணல், மரம் கிடையாது, மிக உயர்ந்த இடமே ஏழு மீட்டர்தான். அங்கே அவர்கள் பதினைந்து வருடம் வாழ்ந்தார்கள். பின்னாளில் அகழாய்வு செய்தவர்கள் பவளக் கல்லும் மணற்கல்லும் அடுக்கிய தடித்த சுவர் வீடுகளைக் கண்டார்கள். புயல் தள்ளிவிடாதபடி தாழ்வாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. செம்புப் பாத்திரங்கள் கிடைத்தன. ஓட்டை விழுந்த இடத்தில் செம்புத் துண்டு வைத்துத் தறைந்து, அது போனால் மறுபடி ஒட்டு போட்டு, ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரி செய்திருக்கிறார்கள். 1776 நவம்பர் 29 அன்று கப்பல் வந்தபோது ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் மிச்சம். அவர்களைப் போர்ட் லூயிக்குத்தான் கூட்டி வந்தார்கள், இனி அடிமைகள் இல்லை என்று இங்கேதான் அறிவித்தார்கள். மீட்க வந்த கப்பலின் தலைவர் பெயர் தீவுக்கு நிலைத்துவிட்டது. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் பெயரில் பிரான்ஸும் உரிமை கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு 1998 நினைவு வருகிறது. அந்த வருடம் வந்த புது ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே இறக்கினார்கள். நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், தமிழ் தன் இடத்துக்கு வந்தது. அன்று நாம் வைத்த வாதம் என்ன? ஒப்பந்தக் கூலிகளுக்கு நூறு வருடம் முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனாரும் தச்சரும் நாங்கள், போர்ட் லூயியைக் கட்டியது எங்கள் கை என்றோம். அது உண்மை. இன்றும் சொல்வேன். கட்டிய கைக்கு உரிமை உண்டு என்று அன்று நமக்காகப் பேசிய நாம், திரோமெலினுக்கும் சாகோஸுக்கும் வரும்போது மட்டும் ஏன் கான்கிரீட்டையும் கொடியையும் எண்ணுகிறோம்?

இப்போது அகலேகா. அதில் யாருக்கும் தகராறு இல்லை, அது நம்முடையது. 2015-இல் இந்தியாவோடு ஒப்பந்தம், 2024 பிப்ரவரி 29-இல் திறப்பு. 3,000 மீட்டர் ஓடுதளம், ஒரு படகுத்துறை. அங்கே குடியிருப்பவர்கள் சுமார் முந்நூறு பேர். படகுத்துறை வேண்டியதுதான்: முன்பெல்லாம் கப்பல் தள்ளி நிற்கும், ஆளையும் அரிசி மூட்டையையும் சின்னப் படகில் அலையில் ஆடிக்கொண்டே இறக்க வேண்டும். ஆனால் பிரசவத்துக்குத் தேதி நெருங்குவதற்கு வெகுமுன்பே பெண்கள் 1,100 கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து காத்திருக்க வேண்டிய நிலையில், முதலில் கட்டியது ஓடுதளம். தலைமுறை தலைமுறையாகத் தென்னை வளர்த்த அந்தக் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டு மண்ணுக்குப் பட்டா கிடையாது. பட்டா கொடுக்க எந்த வல்லரசின் கடனும் உதவியும் தேவையில்லை, போர்ட் லூயியில் ஒரு கையெழுத்துப் போதும். சாகோஸ் மக்களுக்காக ஹேக்கில் பேசிய நாடு இதைச் செய்திருக்க வேண்டும். செய்யாதது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தமிழர்களான நாம் மறந்துவிடக் கூடாது. 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போக நினைத்துப் படகேறிய இலங்கைத் தமிழர் 89 பேர் நடுக்கடலில் தத்தளித்து தியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தார்கள். யாரும் குடியிருக்கக் கூடாது என்று விதித்த தீவில், வேலி போட்ட முகாமில், எலி ஓடும் கூடாரத்தில் குழந்தைகளோடு அடைத்து வைத்தார்கள். பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோக மூன்று வருடம் ஆனது. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீவில் கட்டட வசதிக்கா பஞ்சம்?

2022 பிப்ரவரியில் நம் அரசு கப்பல் அனுப்பி பெரோஸ் பான்யோவில் கொடி ஏற்றியது. நல்ல காரியம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் நின்றவர்கள் கூடப் போன ஐந்து சாகோஸ்காரர்கள். லிஸ்பி எலிஸேயும் அவர்களில் ஒருவர். மணலில் கால் வைத்ததும் முத்தமிட்டார்கள். அப்புறம் இடிந்துபோன தேவாலயத்தில் மண்டிய புதரை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கொடியேற்றம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்தது. புதர் வெட்டச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

2025 மே 22-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தியேகோ கார்சியா 99 வருடக் குத்தகைக்கு பிரிட்டன் கையில் இருக்கும் என்றும், மற்ற தீவுகளில் மொரீஷியஸ் மக்களைக் குடியேற்றலாம் என்றும் இருக்கிறது. சாகோஸ் மக்களுக்கென்று 4 கோடி பவுண்டு நிதி. அவர்களில் பலருக்கு, எங்களைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள் என்ற கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. 1965-இலும் அவர்களைக் கேட்கவில்லை.

ஆகவே பெரோஸ் பான்யோவில் முதலில் எதைக் கட்ட வேண்டும் என்று நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோ ஏறி போர்ட் லூயியில் இறங்கினால் ரோஷ் புவா பக்கம்தான், கசீயும் தூரமில்லை. அங்கே தீவில் பிறந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணறா, மருந்தகமா, தென்னங்கன்றா, படகா என்று அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஓடுதளம் என்று அவர்கள் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.