வரி ஏலத்தில் வீடு கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவின் அயோவா கிராமப்புறங்களில் வரிபாக்கிக்காக வீடுகளை ஏலம் விடுகிறார்களாமே? சில நூறு டாலரில் வீடு வாங்கிவிடலாமா?

பதில்: முடியாது. அங்கே ஏலம் போவது வீடு அல்ல, வரிபாக்கி. ஜூன் மூன்றாம் திங்கட்கிழமை கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பொருளாளர் இதை நடத்துவார். ஏலத்தொகை ஏறாது, பாக்கியை அப்படியே கட்டவேண்டும். போட்டி வந்தால், சொத்தில் எவ்வளவு குறைந்த பங்குக்குச் சம்மதிக்கிறீர்கள் என்பதில்தான். 100 சதவீதத்தில் தொடங்கி 1 சதவீதம் வரை இறங்கும். பலர் அதே இடத்தில் நின்றால் குலுக்கல்.

கையில் கிடைப்பது ஒரு சான்றிதழ். உரிமையாளர் பாக்கியை வட்டியோடு கட்டி சொத்தை மீட்டால் உங்களுக்கு மாதம் 2 சதவீத வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான். 1,200 டாலர் கட்டி, ஐந்தாம் மாதம் மீட்கப்பட்டால் வட்டி 120 டாலர். பெரும்பாலும் கதை இத்தோடு முடியும்.

மீட்காவிட்டால் ஏலம் முடிந்து 1 வருடம் 9 மாதம் கழித்து நோட்டீஸ் அனுப்பலாம்; பிறகும் 90 நாள் அவகாசம் உண்டு. அதற்குள்ளும் மீட்காவிட்டால்தான் சொத்துக்கான பத்திரம் கேட்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: நோட்டீஸ் போகவேண்டிய ஒருவர் விடுபட்டாலும் பத்திரம் ஆட்டம் காணும். மூன்று வருடம் சும்மா இருந்தால் சான்றிதழே ரத்து.

ஏன் ஜூன்? நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. பள்ளிக்கும் சாலைக்கும் ஒதுக்கிய வரி அதற்குள் கைக்கு வந்தால்தான் பட்ஜெட்டில் துண்டு விழாது.