வட்டி கட்டுவது மகனின் உறக்கமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் முதலாண்டு படிக்கிறான். ஆசையாகச் சேர்ந்தவன் இப்போது யாருடனும் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வகுப்பில் தூங்குவதாகப் புகார் வருகிறது. மூத்தவளின் திருமணக் கடனுக்காக இரவு ஒரு மணி வரை பரோட்டாக் கடையில் நிற்பதால் காலையில் எழுப்பவும் முடியவில்லை. சோம்பேறி என்று அவன் அப்பா திட்டுகிறார். மனநல மருத்துவரிடம் காட்டலாமா, படிப்பை நிறுத்திவிடலாமா?

– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, மகனின் மௌனத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய நீங்கள், அவன் இரவு ஒரு மணி வரை கடையில் நிற்பதை, எழுப்ப முடியவில்லை என்ற குறைக்கு நடுவே போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அதன் பிறகு வீடு வந்து படுத்து, காலையில் பேருந்து பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் உறக்கம் கிடைக்கும்?

ஃபிட்டர் மாணவன் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இரும்பை இறுக்கி, மணிக்கணக்கில் நின்றபடியே அரம் போடுகிறான். ட்ரில்லிங் மெஷினிலும் கிரைண்டரிலும் வேலை பழகுகிறான். சுழலும் ட்ரில்லில் சட்டைக்கை சிக்குவதற்கு ஒரு நொடிக் கண்ணயர்வு போதும். வகுப்பில் தூங்குகிறான் என்று பயிற்சி அலுவலர் சொன்னது உங்களுக்கு விடுத்த எச்சரிக்கை. அதைக் கேட்டுவிட்டு அவனைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

பெண்ணின் திருமணம் பெற்றோரின் கடமை. அதற்காகப் பட்ட கடனும் பெற்றோருடையதே. தம்பி கைகொடுக்கலாம்; ஆனால் அது படிப்பை முடித்து வேலைக்குப் போன பின், தன் சம்பளத்திலிருந்து அவன் மனமுவந்து தருவதாக இருக்க வேண்டும். 17 வயதில் அவன் உறக்கத்தைப் பறித்து வட்டி கட்டுவதைக் குடும்பப் பொறுப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள். நகை இருந்தால் விற்றுவிடுங்கள்.

படிப்பை நிறுத்தவே கூடாது. ஃபிட்டர் 2 ஆண்டுப் பயிற்சி. 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் தகுதி இருக்கிறதா என்று ஐ.டி.ஐ. முதல்வரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் நன்றாக உறங்கிய பிறகும் மௌனம் தொடர்ந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் அந்த இரண்டு வாரம் காத்திராமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பையன் இனி வரமாட்டான் என்று கடைக்காரரிடம் இன்றே சொல்லியாக வேண்டும். அதை அவன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். அவன் அப்பா நேரில் போய்ச் சொல்லட்டும்.