பழைய ஸ்கேனர், புதிய மென்பொருள்: எதை நம்பலாம், எதை அணைத்து வைக்கலாம்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா காலத்து பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று வீட்டில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியபின் அதில் செருகினால் எதுவும் நடக்கவில்லை. கடையில், 'இதுக்கு டிரைவர் கிடைக்காது சார், புதுசு வாங்கிடுங்க' என்கிறார்கள். போனில் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் லென்ஸ் என்ற ஸ்கேன் செயலியையும் நிறுத்துகிறார்களாம். என்னிடம் பழைய ஆல்பங்கள், ஒரு கவர் நிறைய நெகடிவ், தாத்தா பெயரில் உள்ள கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. ஸ்கேன் மென்பொருள்கள் இப்போது ரொம்ப முன்னேறிவிட்டதாகச் சொல்கிறார்களே, எதை எதற்குப் பயன்படுத்தலாம்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

புதிய ஸ்கேனர் வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் ஸ்கேனரின் கண்ணாடியும் விளக்கும் சென்சாரும் கெட்டுப்போனதாக நீங்கள் எழுதவில்லை. அறுந்திருப்பது கம்ப்யூட்டருக்கும் அதற்கும் இடையே உள்ள தொடர்பு மட்டும்தான். அந்தத் தொடர்பைத் தரும் சிறு நிரல்தான் டிரைவர். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் அமைப்பு. அதற்கு 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய ஸ்கேனர்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் 32 பிட் டிரைவரோடு நிறுத்திக்கொண்டார்கள். புதிய விண்டோஸ் அதை ஏற்காது. இணையத்தில் சிலர், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிட்டு ஏதோ ஒரு டிரைவரை உள்ளே நுழைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் அதே லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள்.

இந்தத் தொடர்பை மீட்டுத் தருவதில்தான் ஸ்கேன் மென்பொருள்கள் உண்மையிலேயே நல்ல வேலை செய்திருக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது வியூஸ்கேன். ஹாம்ரிக் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் 1998 முதல் இதை வெளியிட்டுவருகிறது. தயாரிப்பாளர் கைவிட்ட ஸ்கேனர்கள் எப்படிப் பேசுகின்றன என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தாங்களே டிரைவர் எழுதிச் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாடல்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அப்டேட்டும் அடிக்கடி வருகிறது. உங்கள் புதிய லேப்டாப் ஸ்னாப்டிராகன் சிப் உள்ளதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும்: அந்த வகை விண்டோஸுக்கு ஆர்ம் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர்தான் வேண்டும், வழக்கமான 64 பிட் டிரைவர் ஏறாது. வியூஸ்கேனில் ஆர்ம் பதிப்பும் தனியாகக் கிடைக்கிறது.

ஸ்கேனரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை அவர்களுடைய தளத்தில் தேடுங்கள். இருந்தால் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி ஒரு படம் ஸ்கேன் செய்து பாருங்கள். படத்தின் மேல் நீர்க்குறி விழும். பரவாயில்லை, ஸ்கேனர் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஓடினால் மட்டும் பணம் கட்டுங்கள்.

பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டுங்கள். அதில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுன்டு போட்டால், 'சேன்' என்ற இலவச டிரைவர் தொகுப்பு வழியாகப் பல பழைய ஸ்கேனர்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. செலவு ஒரு பென்டிரைவும் ஒரு மாலை நேரமும்தான். இந்த வேலைக்கு மட்டும் அந்தக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடலாம், இணையத்தோடு இணைக்கக்கூடத் தேவையில்லை.

இலவச மென்பொருள் என்றால் என் முதல் தேர்வு நேப்ஸ்2. முன்பு விண்டோஸில் மட்டும் இருந்தது, 2023-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து மேக், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. பல பக்கப் பத்திரத்தை வரிசை மாற்றி, தலைகீழாக விழுந்த பக்கத்தைத் திருப்பி, ஒரே பிடிஎஃப் ஆக்குவதற்கு இதைவிட எளிய மென்பொருள் எனக்குத் தெரியாது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: யூஎஸ்பி ஸ்கேனருக்கு டிரைவர் இல்லையென்றால் நேப்ஸ்2-வால் அதை எழுப்ப முடியாது. டிரைவர் இருந்தால்தான் இது துணை.

இனி முக்கியமான விஷயம். கடந்த சில ஆண்டுகளில் ஸ்கேன் செயலிகளில் அதிகம் விளம்பரம் செய்யப்படுவது தானாகச் சீர்செய்யும் வசதிகள்: நிழலை அகற்றுவது, கறையைத் துடைப்பது, ஓரத்தில் விழுந்த விரலை மறைப்பது, மங்கிய எழுத்தைக் கருப்பாக்குவது, மசங்கலான முகத்தைத் தெளிவாக்குவது. கூகுள் 2024-ல் ஆன்ட்ராய்டு செயலிகளுக்காக வெளியிட்ட ஸ்கேன் கருவியில் கறையும் விரலும் நீக்கும் வசதி உண்டு, எல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது. மின் கட்டண ரசீதுக்கும் பள்ளிக்கூடச் சுற்றறிக்கைக்கும் இது அருமையான வசதி. உங்கள் தாத்தாவின் பத்திரத்துக்கு இதை அணைத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை மனத்தில் வைத்துப் பாருங்கள். முத்திரைத்தாளின் மங்கிய நிறம், சார்பதிவாளர் அலுவலகத்தின் ஊதா முத்திரை, நீல மையில் கையெழுத்து, ஓரத்தில் இடது பெருவிரல் ரேகை, மடிப்பு விழுந்த இடத்தில் பாதி அழிந்த சர்வே எண். கறை நீக்கும் நிரலுக்கு ரேகையும் மங்கிய முத்திரையும் அழுக்காகத் தெரிய வாய்ப்புண்டு. கருப்பு வெள்ளை ஃபில்டர் போட்டால் நீலமும் ஊதாவும் ஒன்றாகிவிடும். கையெழுத்தின்மேல் முத்திரை விழுந்த இடத்தில் எது எதற்கு மேல் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எண்கள் மாறுவது இதைவிட மோசம். 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர் இதை வெளிக்கொண்டுவந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலக இயந்திரங்களில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தில், 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறையின் அளவு 14.13 என்று மாறியிருந்தது. எழுத்து மங்கவில்லை, கலையவில்லை; தெளிவாக, தவறாக இருந்தது. ஃபைல் அளவைக் குறைப்பதற்காக, ஒன்றுபோல் தெரியும் சிறு துண்டுகளை ஒரே துண்டாகச் சேமிக்கும் ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். 6-உம் 8-உம் ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிடும். ஜெராக்ஸ் பிறகு அதைத் திருத்தி அப்டேட் வெளியிட்டது. ஆனாலும் பாடம் இன்றைக்கும் பொருந்தும். சர்வே எண் 146/6 ஆ 146/8 ஆ என்பதில் ஒரு குடும்பத்தின் நிலமே இருக்கிறது. ஆகவே பத்திரத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), கலரில், எந்தச் சீர்செய்யலும் இல்லாமல் எடுங்கள். எழுத்து ரொம்பச் சிறியதாகவோ மங்கியோ இருந்தால் 400 போதும். 'சிறிய ஃபைல்', 'அதிகச் சுருக்கம்' என்ற தேர்வுகளைத் தொடாதீர்கள். எடுத்து முடித்ததும் எண்கள் உள்ள வரிகளை மட்டுமாவது காகிதத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

போட்டோவுக்கும் இதே கொள்கைதான், அமைப்புகள் மட்டும் வேறு. 4க்கு 6 அங்குலப் பிரின்டுக்கு 600 டிபிஐ வையுங்கள். 2400க்கு 3600 புள்ளிகள், அதாவது 86 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட இது தாராளம். அதற்குமேல் போனால் பெரும்பாலான பிரின்டில் எடுப்பதற்கு விவரமே இல்லை, ஃபைல்தான் வீங்கும். ஸ்கேனர் பெட்டியில் 19200 என்று போட்டிருப்பது இடைப் புள்ளிகளைக் கணக்கால் நிரப்பிச் சொல்வது. ஆப்டிகல் என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஃபைல் வகை, தரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப். 600 டிபிஐ-யில் ஒரு படம் சுமார் 26 எம்பி வரும். ஜேபெக் பிரதியைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஜேபெக்கிலிருந்து இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

நிறம் மங்கிச் சிவப்பேறிய 1980-களின் கலர்ப் படங்களை மீட்க வியூஸ்கேனிலும் எப்சன் ஸ்கேனர்களோடு வரும் மென்பொருளிலும் தனி வசதி இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் திரும்பி வரும்போது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதைப் பிரதியில் செய்யுங்கள். மூல ஸ்கேன் மங்கியபடியே இருக்கட்டும். அடுத்த சில ஆண்டுகளில் இதைவிட நல்ல நிரல் வரும்போது, திருத்தாத மூலம் கையில் இருந்தால் அதைப் புதிதாகத் திருத்திக்கொள்ளலாம். வியூஸ்கேனில் ரா ஃபைலாகச் சேமிக்கும் வழி இதற்காகவே இருக்கிறது.

முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மசங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை அவை எங்கிருந்தும் மீட்பதில்லை. ஆயிரமாயிரம் பிற முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்து ஒரு கண்ணையும் ஒரு பல் வரிசையையும் வரைந்து வைக்கின்றன. அழகாக இருக்கும், பாட்டியாக இருக்காது. பாட்டியை நேரில் பார்த்தவர்கள் வீட்டில் இருக்கும்வரை வித்தியாசம் தெரியும். பிறகு வரும் பேரப்பிள்ளைகள் அதைத்தான் பாட்டி முகம் என்று நம்புவார்கள். செய்தே தீர வேண்டுமென்றால் ஃபைல் பெயரிலேயே 'ஏஐ திருத்தம்' என்று எழுதிவையுங்கள்.

பழைய ஸ்டூடியோக்கள் சொரசொரப்பான பட்டுத்தாளில் பிரின்ட் போட்டுத் தந்திருப்பார்கள். அதை ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு சிறு மேட்டிலும் விளக்கொளி பட்டுப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் படத்தை ஒருமுறை நேராகவும், 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறையும் எடுங்கள். இரண்டாவதை நிமிர்த்தி, கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, மேலே உள்ளதன் அடர்த்தியைப் பாதியாக்குங்கள். ஒளி எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பட்டதால் புள்ளிகள் பெருமளவு மறையும், முகம் அப்படியே இருக்கும். ஈரத்தில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கவே கூடாது. மெலிதான ஸ்கேனர்கள் பலவற்றில் உள்ள சிஐஎஸ் வகை சென்சார், படம் கண்ணாடிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே மங்கலாக்கிவிடும் என்பதால், அந்தப் படங்களை ஃபிரேமோடு போனில் கூகுள் போட்டோஸ்கேன் கொண்டு எடுங்கள். 2016-ல் வந்த செயலிதான், இந்த ஒரு வேலைக்கு இன்னும் நன்றாக இருக்கிறது. நான்கு புள்ளிகளின் மேல் போனை நகர்த்தச் சொல்லி, பல கோணப் படங்களைச் சேர்த்துக் கண்ணாடிப் பளபளப்பை நீக்கிவிடும்.

நெகடிவ் உங்கள் ஸ்கேனரில் பெரும்பாலும் முடியாது. மூடியிலும் விளக்கு உள்ள, எப்சன் வி600 போன்ற மாடல் வேண்டும்; அல்லது நெகடிவ் ஸ்கேன் செய்து தரும் லேபில் கொடுத்து 2400 டிபிஐ-க்குக் குறையாமல், டிஃப் ஆகக் கேளுங்கள். அகச்சிவப்புக் கதிர் கொண்டு கீறலும் தூசியும் நீக்கும் வசதி கலர் நெகடிவுக்கு மிக நல்லது. கருப்பு வெள்ளை நெகடிவில் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்: அதில் படமே வெள்ளித் துகள்தான், அது கதிரைத் தடுப்பதால் படத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கும்.

மைக்ரோசாஃப்ட் லென்ஸை நிறுத்தும் முடிவை நிறுவனம் 2025-ல் அறிவித்தது. அதற்குள்ளேயே சேமித்தவை ஏதும் இருந்தால் முதலில் வெளியே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஆன்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவின் ஸ்கேன், ஐபோனில் நோட்ஸ் செயலியின் ஸ்கேன் போதும். ஐஓஎஸ் 26-இல் பிரிவியூ செயலியிலும் ஸ்கேன் வந்துவிட்டது. எதில் எடுத்தாலும் ஃபில்டர் எதுவும் இல்லாத கலர்ப் பிரதி ஒன்றையும் சேமியுங்கள். கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலியை 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த பிறகும், பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே ஃபைலாக இறக்கிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். நிலப் பத்திரத்தையும் ஆதாரையும் எடுக்கும் செயலியை முகம் தெரியாத இடத்திலிருந்து இறக்க வேண்டாம்.

எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் ஓசிஆர், தமிழுக்கு இப்போது நல்ல நிலையில் இருக்கிறது. நேப்ஸ்2-வில் டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் நிரல் மூலம் தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமலே ஓடும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாக வரும். ஃபைல் 2 எம்பிக்குள் இருக்கட்டும். அண்மைக்கால அச்சுக்கு இரண்டும் கைகொடுக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை போட்ட லை, னை வரும் இடங்களில் தடுமாறும். பத்திர எழுத்தரின் கையெழுத்தை அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்துத் தட்டச்சு செய்வதுதான் இன்றைக்கும் சரியான வழி.

ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அசல் பத்திரத்துக்கு ஈடாகாது. டிஜிலாக்கரில் அரசுத் துறையே வழங்கும் ஆவணத்துக்குத்தான் அசலுக்கு இணையான மதிப்பு, நீங்களே ஏற்றி வைக்கும் ஸ்கேனுக்கு அது கிடையாது. மூல ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். விண்ணப்பத் தளங்கள் கேட்கும் சின்ன அளவுக்குச் சுருக்குவதென்றால் பிரதியைச் சுருக்குங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், சர்வே எண் படிக்கிற நிலையில் இருக்காது.