‘போக்சோ சான்றிதழ்’ வாங்கினால்தான் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கலாமா?

கேள்வி: கோட்டையூர் பக்கம் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கணினி வேலை. சனி, ஞாயிறு மாலைகளில் நானும் மூன்று நண்பர்களும் 8 முதல் 16 வயது வரையுள்ள இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறோம். சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சி, பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்து தந்திருக்கிறார். போன வாரம் ஒருவர் வந்தார். ‘போக்சோ சான்றிதழ்’ இல்லாமல் வகுப்பு நடத்தினால் உள்ளே போட்டுவிடுவார்களாம். ஆளுக்கு 3,500 ரூபாய் கொடுத்தால் அவரே வாங்கித் தருவாராம். வாங்க வேண்டுமா? கம்புப் பிடியைத் திருத்தக் கையைத் தொட வேண்டியிருக்கிறது, பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இருட்டிய பிறகு அழைத்துப்போக ஆள் வராத பிள்ளையைப் பைக்கில் கொண்டுபோய் விடலாமா? பேசாமல் வகுப்பையே விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: விட்டுவிட வேண்டாம், தம்பி. ஆளுக்கு 3,500 என்றால் நான்கு பேருக்கு 14,000. அதையும் கொடுக்க வேண்டாம்.

போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரையும், பையனோ பெண்ணோ, பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த சட்டம். குற்றம் செய்தவரைத் தண்டிக்கிற சட்டம் அது, உரிமம் கொடுக்கிற சட்டம் அல்ல. ‘போக்சோ சான்றிதழ்’ எடுத்தால்தான் வகுப்பு நடத்தலாம் என்று அதில் ஒரு வரி கிடையாது. 2020இல் வந்த விதிகளில் இருப்பது வேறு. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நடக்கும் இடம் என்று பிள்ளைகளோடு தொடர்ந்து பழகுகிற எந்த அமைப்பும் தன் ஆட்களைப் பற்றி அவ்வப்போது காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கு அது பொருந்துமா என்று என்னைப் போன்ற வக்கீல்கள் அரை நாள் வாதாடுவோம். நீங்கள் வாதாடாமல் செய்துவிடுங்கள்.

செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு பேரும் தனித்தனியாக, அவரவரே விண்ணப்பியுங்கள். கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். விசாரித்துவிட்டு அறிக்கை கொடுப்பார்கள். இதில் இடையில் ஒருவர் நிற்க வேண்டிய இடமே இல்லை.

ஆனாலும் நிற்கிறார்கள். இந்த ஊர்க் கோர்ட்டு வாசலில் இத்தனை வருஷம் நின்றவள் என்ற முறையில் இவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ரகம், சிங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்று அச்சடித்த தாளோடு வருவார். இன்னொரு ரகம், ‘மனித உரிமை’ என்று பலகை மாட்டிய காரில் வந்து இறங்கி, புகார் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். மூன்றாவது ரகம்தான் புதுசு: தேசியப் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் தருவதாகப் பணம் கேட்பார். 2018இலிருந்து அப்படி ஒரு பட்டியல் இருப்பது உண்மை. அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டும்தான் திறந்து பார்க்க முடியும். அவர் பார்த்தேன் என்றால் பொய். இல்லை, நிஜமாகவே பார்த்துவிட்டார் என்றால் அது அதைவிடப் பெரிய வில்லங்கம்.

தாளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கும்பல் ஒரு தனியார் பள்ளிக்குள் வந்தது. என்சிசிக்கும் அந்த முகாமுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே தங்கிய சிறுமி ஒருத்திக்குக் கொடுமை நடந்தது. விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். வந்தவர்கள் யார் என்று பள்ளி சரிபார்க்கவே இல்லை. உங்களிடம் வந்தவர் மறுபடியும் வந்தால், எந்த அரசாணை, என்ன எண், என்ன தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

காவல்துறை அறிக்கையையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். வழக்குப் பதிவானால்தான் அதில் தெரியும். பிள்ளைகளைச் சீண்டுகிற பலர்மீது வழக்கே இருக்காது. அதனால் ஒவ்வொரு நண்பரும் முன்பு பிள்ளைகளோடு வேலை செய்த இரண்டு இடங்களுக்கு நீங்களே போன் போடுங்கள். “இவரை மறுபடியும் உங்கள் பிள்ளைகளோடு விடுவீர்களா?” என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நண்பனைப் பற்றி விசாரிப்பதா என்று கூச்சமாக இருந்தால் உங்களைப் பற்றியும் அவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

அடுத்தது தொடுதல். தொட்டாலே குற்றமில்லை, பாலியல் நோக்கத்தோடு தொடுவதுதான் குற்றம். துணிக்கு மேலே தொட்டால் அந்தக் குற்றம் ஆகாது என்று ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்க்க வேண்டியது நோக்கத்தை, துணியை அல்ல என்பது அதன் சாரம். ஆனால் நோக்கம் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. அடிப்படைச் சம்பவத்தை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், கெட்ட நோக்கம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அதனால் முதலில் எதிரே நின்று செய்து காட்டுங்கள். கால் தப்பிப்போனால் உங்கள் கம்பின் நுனியால் தரையில் இடத்தைக் காட்டுங்கள். பிடி தப்பினால் கம்பில் கலர் டேப் ஒட்டி, ‘இந்தக் கை இங்கே’ என்று சொல்லுங்கள். அப்படியும் வரவில்லையா? “மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பட்டுமா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டு, பிள்ளை சரி என்ற பிறகு தொடுங்கள். பின்னால் நின்று இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

‘பெண் பிள்ளைகளும் வருகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். இதெல்லாம் பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் வகுப்பு நடத்துகிற செட்டிநாட்டு வீடு ஒரு வகையில் உங்களுக்குத் துணை. முகப்பில் நின்றால் வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே பார்வையில் தெரியும். ஆனால் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாவற்றுக்கும் உள்தாழ்ப்பாள். ஆச்சியிடம் கேட்டு அத்தனை அறைகளையும் பூட்டிவிடுங்கள். வகுப்பு திறந்த வளவில் மட்டும். கழிப்பறை பின்கட்டில் இருந்தால் பிள்ளைகள் இரண்டு பேராகப் போகட்டும், பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். பின்கட்டில் நல்ல வெளிச்சமான விளக்கு ஒன்று போடுங்கள்.

ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு சொல்வேன், அதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, “அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்கிறது. தனியாக இருக்கக் கூடாதென்று சொன்னார்களே என்று, “இங்கேயே எல்லார் முன்னாடியும் சொல்லு” என்றால் அது சொல்லாது. அடுத்த வாரமும் சொல்லாது. “நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா” என்றாலும் சொல்லாது, தொல்லை கொடுப்பவர் அந்த வீட்டுக்காரராகவே இருக்கலாம். அதற்காக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவதும் தப்பு. மற்றவர் காதுக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்கு எட்டுகிற இடம் வேண்டும். முகப்புத் திண்ணை அதற்காகவே கட்டினதுபோல இருக்கிறது. தெருவில் போகிறவர் பார்க்கலாம், வளவில் இருப்பவர் பார்க்கலாம், பேச்சு யாருக்கும் கேட்காது. நண்பர் ஒருவரிடம் கண்ணைக் காட்டிவிட்டு அங்கே போய் உட்காருங்கள். ஒரு கை தள்ளியே உட்காருங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் ஒருவர்தான் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அது நம்பி வந்தது உங்களிடம். வேறு யாராவது வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் நீங்களே கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், துருவாதீர்கள், “நிஜமாவா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றால் பண்ணாதீர்கள். “உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல” என்று சொல்லுங்கள். பிள்ளை கிளம்பிய உடனே, அது சொன்ன அதே வார்த்தைகளில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

எழுதி வைத்துவிட்டுப் பெட்டியில் போடக் கூடாது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. உங்கள் ஆளே செய்திருந்து, பொறுப்பிலிருக்கும் நீங்கள் மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்ன தகவலுக்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம், காசில்லை, இரவிலும் எடுப்பார்கள். ஆனால் காவல் நிலையத்துக்கும் சொல்லியாக வேண்டும். ‘ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்’ என்று ஒருவர் நிச்சயம் வருவார். நல்ல மனுஷராகவே இருப்பார், உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். இது பேசி முடிக்கிற வழக்கல்ல. உட்கார்ந்து பேசினால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

நம் செட்டிநாட்டு ஊர்கள் சில சிவகங்கை மாவட்டத்தில், சில புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடக்கின்றன. “இது எங்க எல்லை இல்ல” என்று காவல் நிலையத்தில் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிந்தே ஆக வேண்டும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை போடாத அதிகாரி, முடிந்தவரை பெண் அதிகாரி எழுத வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. எழுதியது என்னவோ அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையனைக் காலை முதல் பொழுது சாயும்வரை ஒரு நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்து, போகிற வருகிற ஆளெல்லாம் “என்னடா ஆச்சு?” என்று கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எட்டாவது ஆளுக்கு அவன் பதில் சொல்லவில்லை. ‘பையன் முரண்படுகிறான்’ என்று எழுதினார்கள். ஒரு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் நிலையத்துக்குப் போவதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் போட்டு, ஓர் ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வரவில்லை என்பதற்காக நீங்கள் போகாமல் இருக்காதீர்கள்.

வாட்ஸ்அப் விஷயம் சுருக்கமானது. தகவல் எல்லாம் பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும். பிள்ளையின் எண்ணுக்குத் தனியாக ‘நல்லா சுத்துனே’ என்றுகூட அனுப்ப வேண்டாம்.

கடைசியாக, பைக். தனியாக ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வேறு. அப்போதும் இரண்டு பெரியவராகப் போங்கள், போகும்போதே வீட்டுக்குச் சொல்லுங்கள். அழைத்துப்போக ஆள் வராத நாளில் நீங்கள் இரண்டு பேர் பிள்ளையோடு திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போடுங்கள். யார் வந்து அழைத்துப்போகலாம் என்ற பெயர்களைச் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ‘மாமா வந்திருக்கேன்’ என்று வருகிற எல்லாரோடும் அனுப்ப முடியாது. மார்கழியில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதங்களில் ஐந்தரைக்கே முடித்துவிட்டீர்கள் என்றால் பாதி நாள் இந்தக் கேள்வியே எழாது.